பரு ஜெல்லை ஜெனரிக்காக மாற்றினோம், பரு திரும்பிவிட்டது: பழையதற்கே போய்விட வேண்டுமா?

கோதையாற்றங்கரை

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் குலசேகரம் பக்கம். மகள் நாகர்கோவிலில் கல்லூரியில் படிக்கிறாள். கன்னத்திலும் தாடையோரத்திலும் தொட்டாலே வலிக்கிற மாதிரி பெரிய பருக்கள் வந்துகொண்டே இருந்தன. உறவினர் ஒருவர் சொன்னதால் திருவனந்தபுரத்தில் ஒரு தோல் மருத்துவரிடம் காட்டினோம். இரவில் பூச ஒரு ஜெல், முகம் கழுவ ஒன்று, பகலில் வெயிலுக்கு ஒன்று என்று எழுதிக் கொடுத்தார். ஜெல் நன்றாகவே கேட்டது. கோடை முடிவதற்குள் முகம் பாதிக்கு மேல் தெளிந்துவிட்டது.

சிக்கல் விலைதான். 15 கிராம் டியூப் ஐந்நூறைத் தாண்டுகிறது. அதுவும் மார்த்தாண்டத்தில் எல்லாக் கடையிலும் இருப்பதில்லை. மழை பிடித்துக்கொண்டால் எங்களுக்கு ரப்பர் பால்வெட்டு கிடையாது. வெட்டில்லாத மாதத்தில் ஐந்நூறு ரூபாய் பெரிய காசு. ஓணத்துக்கு முன்பு ஒரு கடையில் சீட்டைக் காட்டியபோது, "அது ஸ்டாக் இல்லை, இது அதனுடைய ஜெனரிக், பெரிய கம்பெனிப் பெயர் இல்லாத அதே மருந்து, இரண்டும் ஒன்றுதான்" என்று வேறொரு டியூபைக் கொடுத்தார்கள். விலை பாதிக்கும் கீழே. சந்தோஷமாக வாங்கி வந்தேன்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. சொல்லப்போனால் இதுதான் மென்மையாக இருந்தது. எரிச்சல் இல்லை, தோல் உரியவில்லை, முன்பு போலத் தலையணை உறையும் துண்டும் வெளுத்துப் போகவில்லை. இப்போது தாடையோரத்தில் மறுபடியும் கிளம்பியிருக்கிறது. மகள் என் மேல் கோபத்தில் இருக்கிறாள், "காசு பார்த்து மாற்றிவிட்டீர்கள்" என்கிறாள். ஜெனரிக் என்றால் வீரியம் குறைவா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். படம் இணைத்திருக்கிறேன்.

மட்டுறுத்துநர்

படத்தை நீக்கியிருக்கிறோம். பிள்ளையின் முகம் பொதுவெளியில் வேண்டாம். டியூபின் படம் போடலாம்.

முட்டம்காற்று

இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது அண்ணாச்சி? விலை குறைந்தால் சரக்கும் குறையும். கம்பெனி மருந்து கம்பெனி மருந்துதான். எங்கள் வீட்டில் யாருக்கும் ஜெனரிக் வாங்குவதில்லை. காய்ச்சல் மாத்திரை என்றாலும் போகட்டும் என்று விடலாம், முகத்தில் பூசுகிற சாமானில் கணக்குப் பார்க்கக் கூடாது. பிள்ளைக்குப் பழையதையே வாங்கிக் கொடுங்கள்.

பழையாறு

முட்டத்துக்காரர் எப்போதும் இப்படித்தான், வலை போடுவதற்கு முன்பே மீன் கெட்டுப்போனது என்பார். ஐயா, ஆசாரிப்பள்ளத்திலும் தக்கலையிலும் குளச்சலிலும் அரசு மருத்துவமனை ஜன்னலில் வரிசை நின்று வாங்குகிறோமே, அந்த மாத்திரையெல்லாம் என்ன? தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் தொடங்கப்பட்டது. அரசு மருத்துவமனைகளுக்காக மருந்தின் பொதுப்பெயரில் மொத்தமாகக் கொள்முதல் செய்து, பேட்ச் வாரியாகப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பித் தேறியதைத்தான் கிடங்கிலிருந்து விடுவிக்கிறார்கள். இந்த மாவட்டத்தில் பாதிப் பேருடைய இரத்த அழுத்தமும் சர்க்கரையும் அதில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. விலை குறைவு என்பதாலேயே மட்டம் என்றால் நாம் இத்தனை பேர் நடமாட முடியாது.

முட்டம்காற்று

நடமாடுகிறோம் என்பது ஒரு சான்றா? இங்கே ஒரு பிள்ளையின் முகத்தில் பரு திரும்பியிருக்கிறது. அதற்குப் பதில் சொல்லுங்கள்.

மாத்திரைப்பெட்டி

தக்கலைப் பக்கம் ஒரு மருந்துக் கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். ஜெனரிக் நல்லதா கெட்டதா என்பதற்கு முன்னால் வேறொரு கேள்வி இருக்கிறது.

அண்ணாச்சி எழுதியதில் ஒரு வரி எனக்கு உறுத்துகிறது. பழைய ஜெல்லில் துண்டு வெளுத்தது, புதியதில் வெளுக்கவில்லை. துணியை வெளுக்க வைப்பது பென்சாயில் பெராக்சைடு. பருவுக்கான வேறு எந்த ஜெல் மருந்தும் துணியை அப்படிச் செய்வதில்லை. கடையில் கொடுத்த டியூபில் அது இருக்கிறதா என்றே எனக்குச் சந்தேகம்.

இரண்டு டியூபையும் எடுத்து, பெரிய எழுத்துப் பெயரை விட்டுவிட்டு, அதற்குக் கீழேயோ பின்பக்கமோ பொடி எழுத்தில் இருக்கும் கலவையை அப்படியே இங்கே எழுதுங்கள். மருந்தின் பெயர், சதவீதம், இரண்டும் வேண்டும்.

கோதையாற்றங்கரை

பழையதின் காலி டியூப் நல்லவேளையாக அலமாரியில் கிடந்தது. மகளை விட்டுப் படிக்கச் சொல்லி எழுதுகிறேன்.

பழையது: அடாபலீன் 0.1 சதவீதம், பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம், ஜெல் பேஸ் தேவையான அளவு.

புதியது: அடாபலீன் 0.1 சதவீதம், கிளிண்டாமைசின் பாஸ்பேட், அது கிளிண்டாமைசின் 1 சதவீதத்துக்குச் சமம் என்று போட்டிருக்கிறது, ஜெல் பேஸ் தேவையான அளவு.

மாத்திரைப்பெட்டி

அதுதான் விஷயம். உங்கள் மகளுக்குக் கிடைத்தது ஜெனரிக்கே இல்லை. அது வேறு மருந்து.

இரண்டிலும் அடாபலீன் இருக்கிறது. மயிர்க்கால் வாய் அடைபடாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. கூட்டாளிதான் மாறிவிட்டான். பென்சாயில் பெராக்சைடு பருவில் இருக்கும் பாக்டீரியாவை ஆக்ஸிஜனால் கொல்கிறது. அதற்கு எதிராகக் கிருமி பழகிக்கொள்வதில்லை. கிளிண்டாமைசின் ஆன்டிபயாட்டிக். அதுவும் நல்ல மருந்துதான், தோல் மருத்துவர்கள் எழுதுகிறார்கள். ஆனால் பெராக்சைடு துணையில்லாமல் மாதக்கணக்கில் பூசினால் கிருமி பழகிவிடும் என்பதால் தனியாக நீட்டிக்க மாட்டார்கள். எப்போது தொடங்கி எப்போது நிறுத்துவது என்பது மருத்துவர் கணக்கு, கடை கல்லாவில் முடிவாகிற விஷயம் இல்லை.

எரிச்சல் குறைந்ததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். தோலை உலர்த்துவதில் பெராக்சைடுக்குப் பெரிய பங்கு உண்டு. அது போனதும் முகம் சுகமாகத்தான் இருக்கும்.

இந்தக் குழப்பம் பெரும்பாலும் வால் எழுத்தில் வருகிறது. ஒரே குடும்பப் பெயரில் ஒரு கம்பெனி நான்கைந்து ஜெல் விற்கும். பெயருக்குப் பின்னால் ஒன்றில் ஒரு எழுத்து இருக்கும், இன்னொன்றில் மூன்று எழுத்து. அட்டையின் நிறம்கூட ஒன்றாகவே இருக்கும். அந்த வால் மாறினால் உள்ளே இருக்கும் மருந்தே மாறிவிடும். அலமாரியில் கை போகிற வேகத்தில் வாலை யார் பார்க்கிறார்கள்? கூட்டம் இல்லாத நேரத்தில் பார்க்கலாம், மாலை ஆறு மணிக்குப் பார்ப்பதில்லை. எங்கள் தொழிலின் லட்சணம் இது, ஒளித்துப் பயனில்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள் விதிகள், 1945, அதில் 65-ஆம் விதியின் 11ஏ பிரிவு. எச் அட்டவணை என்பது மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய மருந்துகளின் பட்டியல். அதில் உள்ள மருந்து எழுதிய சீட்டுக்குக் கடைக்காரர் வேறு தயாரிப்பை மாற்றிக் கொடுக்கக் கூடாது. அதே மருந்தைக் கொண்ட வேறு தயாரிப்பாக இருந்தாலும் கூடாது. அமெரிக்காவில் ஒத்த ஜெனரிக்கைக் கடையிலேயே மாற்றித் தரலாம். இங்கே அந்த உரிமை மருந்தாளுநருக்கு இல்லை. நடப்பது வேறு என்பது எல்லோருக்கும் தெரியும்.

முட்டம்காற்று

ஆக, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார். நான் சொன்னது சரிதானே?

பழையாறு

நீங்கள் சொன்னது ஜெனரிக் வேலை செய்யாது என்று. இங்கே ஜெனரிக்கே வரவில்லை என்கிறார். இரண்டும் எப்படி ஒன்றாகும்?

ஒன்று கேட்க விட்டுப்போனது. கடையில் மாற்றக் கூடாது என்றால், மருத்துவர் பிராண்டு பெயரை எழுதிவிட்டால் ஏழை என்ன செய்வது? மருத்துவர்கள் பொதுப்பெயரில்தான் எழுத வேண்டும் என்று 2016-இலேயே ஒழுங்குமுறையைத் திருத்தினார்கள். படிக்கிற மாதிரி, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. 2023 ஆகஸ்ட்டில் தேசிய மருத்துவ ஆணையம் அதைக் கறாராக்கி ஒரு புதிய விதி கொண்டுவந்தது. மருத்துவர் சங்கங்கள் எதிர்த்ததும் அந்த மாதமே நிறுத்தி வைத்துவிட்டது. அதனால் இன்றைக்கு நாம் வாய்விட்டுக் கேட்பதுதான் வழி. "டாக்டர், மருந்தின் பெயரையும் சதவீதத்தையும் எழுதித் தர முடியுமா, விலை தாங்கவில்லை" என்று கேட்டால் பெரும்பாலும் எழுதித் தருகிறார்கள். கேட்க வெட்கப்படுவது நாம்தான்.

தேங்காப்பட்டணத்துக்காரி

குவைத்தில் செவிலியராக இருக்கிறேன், விடுமுறைக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். மாத்திரைப்பெட்டி அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும், இல்லையென்றால் நாளைக்கு யாராவது கலவை ஒத்துப்போனதும் கண்ணை மூடிக்கொண்டு பூசிவிடுவார்கள்.

எனக்கும் இதே அடாபலீன் பெராக்சைடு ஜெல்தான். மருத்துவர் சம்மதத்தோடு வேறு கம்பெனிக்கு மாறினேன். மருந்தும் சதவீதமும் இம்மி பிசகவில்லை. ஆனாலும் பூசியதும் மூக்கோரமும் வாயோரமும் சுள்ளென்று எரிந்தது, காலையில் தோல் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. மருத்துவர் டியூபைப் பார்த்துவிட்டு "மருந்தில் ஒன்றும் இல்லை, பேஸ் மாறியிருக்கிறது" என்றார்.

அண்ணாச்சியின் டியூப் இரண்டிலும் "ஜெல் பேஸ் தேவையான அளவு" என்று ஒரு வரி இருக்கிறது பாருங்கள். நூறு பங்கில் தொண்ணூற்றேழுக்கு மேல் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடுகிறது. கெட்டியாக்க ஒரு பொருள், மருந்தைக் கரைத்து வைக்க புரொப்பிலீன் கிளைக்கால், சிலதில் ஆல்கஹால், கெடாமல் இருக்க ஏதாவது ஒரு பாரபென். எந்தக் கம்பெனி எதை எவ்வளவு போட்டது என்று நம் ஊர் டியூபில் பெரும்பாலும் எழுதியிருக்காது. ஆல்கஹால் தூக்கலாக இருந்தால் சட்டென்று உலர்ந்து எரியும். புரொப்பிலீன் கிளைக்கால் சிலருக்குத் தோலோடு ஒத்துக்கொள்ளாது. மருந்தை மெதுவாக வெளிவிடும் நுண்கோளங்களில் அடைத்தும் ஒரு வகை விற்கிறார்கள். அதிலிருந்து சாதாரண ஜெல்லுக்கு மாறினால் எரிச்சல் கூடத்தான் செய்யும்.

எனக்குச் சொன்ன முறை இது. மாறியதும் ஒருநாள் விட்டு ஒருநாள் இரவில் மட்டும். முகம் கழுவி ஈரம் முழுவதும் காய்ந்த பிறகு. முகம் முழுவதற்கும் சேர்த்து ஒரு பட்டாணி அளவு, பருவின் தலையில் மட்டும் வைத்து அழுத்துவது இல்லை. வறண்டால் மேலே மாய்ஸ்சரைசர். தோல் பழகிய பிறகு தினமும். இப்போது எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரிவதில்லை.

வேப்பமூடு

எங்கே வாங்குவது என்று யாரும் சொல்லவில்லையே. நான் நாகர்கோவிலில் படிக்கிறேன், எனக்கும் பரு உண்டு, அலைந்து தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

மக்கள் மருந்தகம் ஒன்றிய அரசின் திட்டம், 2008-இல் தொடங்கியது, ஜெனரிக் மட்டும்தான் விற்பார்கள். முதல்வர் மருந்தகம் மாநில அரசுடையது, 2025 பிப்ரவரி 24 அன்று ஆயிரம் கடைகளாகத் திறந்தார்கள். அம்மா மருந்தகம் அதற்கும் முந்தையது, கூட்டுறவு வழியாக வந்தது. மூன்றின் பெயரையும் குழப்பிக்கொண்டு, ஒன்றில் இல்லையென்றதும் எங்குமே இல்லை என்று திரும்பிவிடாதீர்கள்.

மக்கள் மருந்தகம் போவதற்கு முன் போனில் அதற்கான "ஜன் ஔஷதி சுகம்" செயலியைத் திறந்து மருந்தின் பெயரைப் போட்டால் பட்டியலில் இருக்கிறதா, விலை என்ன, பக்கத்துக் கடை எது என்று காட்டும். பட்டியலில் இருப்பது கடையில் இருக்கும் என்று அர்த்தமில்லை, அதனால் ஒரு தடவை அழைத்துக் கேட்டுவிட்டுப் போங்கள். சாதாரணக் கடை மருந்துகளின் விலையை ஒப்பிட்டுப் பார்க்க "பார்மா சஹி தாம்" என்று ஒன்றிய அரசின் மருந்து விலை ஆணையத்தின் செயலி இருக்கிறது. ஒரே கலவையை எத்தனை கம்பெனி எத்தனை விலைக்கு விற்கிறது என்று வரிசையாகக் காட்டும். முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

மாத்திரைப்பெட்டி

அந்தக் கோபத்துக்குக் கொஞ்சம் விறகு போடுகிறேன். அரசு விலை வரம்புப் பட்டியலில் இல்லாத மருந்துகளின் எம்.ஆர்.பி.யை ஆண்டுக்கு 10 சதவீதம் வரை கம்பெனி தானாகவே ஏற்றிக்கொள்ளலாம். இன்னொன்று, கடைகளுக்கு நேரடியாக வரும் ஜெனரிக்கில் அச்சிட்ட விலை பல நேரம் பிராண்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும். கடைக்கு வரும் விலைதான் தரையில் கிடக்கும். நடுவில் இருப்பது கடைக்காரரின் லாபம். "உங்களுக்காகத் தள்ளுபடி" என்று அவர் குறைப்பது அதிலிருந்து ஒரு சிறு பகுதி. ஆகவே ஜெனரிக் என்று சொல்லிக் கொடுப்பதாலேயே உங்களுக்கு மலிவு என்று நினைக்க வேண்டாம். பில் போட்டு வாங்குங்கள். பேட்ச் எண் பில்லில் இருக்க வேண்டும். பிறகு ஏதாவது பிரச்சினை என்றால் பேசுவதற்கு அது ஒன்றுதான் கையில் இருக்கும்.

இரணியல் டீச்சர்

எல்லோரும் மலிவான ஜெல் பற்றிப் பேசுகிறீர்கள். நான் இதைவிட மோசமான "மாற்று" ஒன்றைப் பார்த்திருக்கிறேன். என்னிடம் படித்த ஒரு பெண். பரு மருந்து விலை அதிகம் என்றதும் கடையில் ஒரு சின்ன களிம்பு கொடுத்திருக்கிறார்கள். ஒரு வாரத்தில் பரு அமுங்கி முகம் பளிங்கு மாதிரி ஆகிவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் ஆனந்தம், அவளுடைய அக்காவும் பூசத் தொடங்கிவிட்டாள். நிறுத்திய பிறகுதான் தெரிந்தது. கன்னம் முழுவதும் செக்கச்செவேல் என்று ஆகி, வெயிலில் நிற்க முடியாமல், முன்பைவிட இரண்டு பங்கு பரு. அதில் இருந்தது ஸ்டீராய்டு.

பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று எதிலாவது எழுதியிருந்தால் அது பருவுக்கான மருந்து இல்லை. தோலில் பூசும் ஸ்டீராய்டுகளை 2018-இல் எச் அட்டவணைக்குள் கொண்டுவந்தார்கள், சீட்டில்லாமல் கொடுக்கக் கூடாது. கல்யாணத்துக்கு முன்னால் முகம் வெளுக்க வேண்டும் என்று இன்னும் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கேட்டால் "அது வெறும் கிரீம்தானே டீச்சர்" என்கிறார்கள்.

தேங்காப்பட்டணத்துக்காரி

டீச்சர் சொல்வதைப் போல வந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். நிறுத்தும்போதும் மருத்துவரிடம் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

அருமனை ரப்பர்

என் சித்தி மகன் அமெரிக்காவிலிருந்து வரும்போது அடாபலீன் ஜெல் கொண்டுவந்தான். அங்கே சோப்பு வாங்குகிற மாதிரி சீட்டில்லாமல் வாங்கலாமாம். இங்கே மட்டும் ஏன் இத்தனை கெடுபிடி?

மாத்திரைப்பெட்டி

அடாபலீன் 0.1 சதவீத ஜெல்லை அங்கே 2016-இல் சீட்டில்லாமல் விற்க அனுமதித்தார்கள். அதில் அடாபலீன் மட்டும்தான் இருக்கும். அண்ணாச்சி மகளுக்கு எழுதிய கூட்டு மருந்துக்கு அது ஈடாகாது. இங்கே அது சீட்டு மருந்துதான். அப்படி இருப்பதில் ஒரு நன்மையும் உண்டு. கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் தயாராகிறவர்களும் இந்த வகை மருந்தைத் தவிர்க்க வேண்டும். கடையில் அதை யாரும் கேட்க மாட்டார்கள், மருத்துவர் கேட்பார்.

முட்டம்காற்று

நான் பேசாமல் படித்துக்கொண்டிருந்தேன். இப்போது நியாயமாக ஒரு கேள்வி. மாத்திரை என்றால் விழுங்க வைத்து, இரத்தத்தில் எவ்வளவு ஏறுகிறது என்று அளந்து, இரண்டும் சமம் என்று சொல்லலாம். ஜெல் தோலில் நிற்க வேண்டியது, இரத்தத்துக்கு அது போகவே கூடாது. அப்படியிருக்க, இந்த ஜெல்லும் அந்த ஜெல்லும் சமம் என்று யார், எதை வைத்து அளந்தார்கள்? செவிலியர் தங்கையே பேஸ் மாறினால் எரியும் என்கிறார். பேஸ் மாறினால் மருந்து தோலுக்குள் இறங்குவதும் மாறும்தானே?

மாத்திரைப்பெட்டி

இந்த இழையில் வந்த மிக நல்ல கேள்வி இதுதான், சும்மா சொல்லவில்லை.

நீங்கள் சொல்வது சரி. இரத்தத்தை அளப்பது இங்கே உதவாது. அமெரிக்காவில் பரு ஜெல்லுக்கு ஜெனரிக் உரிமம் கேட்டால், பரு உள்ளவர்களைப் பிரித்து ஒரு சாராருக்கு மூல மருந்து, ஒரு சாராருக்கு நகல், இன்னொரு சாராருக்கு மருந்தே இல்லாத வெறும் பேஸ் கொடுத்து, 12 வாரம் கழித்துப் பருக்களை எண்ணிப் பார்க்கும் சோதனையைக் கேட்பார்கள். வெறும் பேஸ் பூசியவர்களுக்கும் ஓரளவு குறையும் என்பது அந்தச் சோதனைகளில் வழக்கமாகக் காணும் விஷயம். பேஸ் என்பது வெறும் சட்டி இல்லை என்பதற்கு அதுவே சாட்சி.

இந்தியாவில் 2017 ஏப்ரலில் வந்த விதி, நீரில் எளிதில் கரையாத சில வகை வாய்வழி மருந்துகளுக்கு, மூல மருந்துக்குச் சமமா என்று பார்க்கும் சமநிலைச் சோதனையைக் கட்டாயமாக்கியது. பூசும் ஜெல் அதற்குள் வராது. மருந்து சரியான அளவு இருக்கிறதா, கெடாமல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மகளுடைய கன்னத்தில் அது அதேபோல வேலை செய்யுமா என்பதை அந்தச் சோதனை சொல்லாது.

ஆனால் இங்கேதான் உங்கள் வாதம் உங்களையே திருப்பிக் கேட்கிறது. அடாபலீனைக் கண்டுபிடித்து முதலில் விற்றது ஒரே ஒரு கம்பெனி. நம் கடைகளில் அதைத் தவிர மற்ற எல்லா டியூபும் நகல்தான். ஐந்நூறு ரூபாய் டியூபும் நகல், இருநூறு ரூபாய் டியூபும் நகல். ஒன்றுக்கு வழவழப்பான அட்டையும் மருத்துவரைப் பார்க்கப் பையோடு நிற்கும் பிரதிநிதியும் இருக்கிறார்கள், மற்றொன்றுக்கு இல்லை. டியூபின் பின்னால் "தயாரிப்பு" என்றும் "விற்பனை" என்றும் இரண்டு முகவரி இருக்கும், படித்துப் பாருங்கள். விற்பனை முகவரி மும்பை என்றிருக்கும், தயாரிப்பு முகவரி இமாச்சலப் பிரதேசத்தில் பத்தி (Baddi) என்ற ஊராக இருக்கும். ஒரே தொழிற்சாலை பல கம்பெனிக்குப் போட்டுக் கொடுப்பதும் உண்டு. நீங்கள் "கம்பெனி மருந்து" என்று சொல்வதற்கு உங்கள் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். அதையும் யாரும் இந்த ஊரில் 12 வாரம் எண்ணிப் பார்க்கவில்லை.

அதனால் நான் விலையை வைத்து எடை போடுவதில்லை. கலவை ஒன்றாக இருக்கிறதா, தயாரிப்பாளர் யார், ஒருமுறை ஒத்துக்கொண்டதை மாதாமாதம் மாற்றாமல் தொடர்கிறோமா, இவற்றைத்தான் பார்க்கிறேன். கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் கிடைத்ததை வாங்கிப் பூசினால் எது கேட்டது, எது எரித்தது என்று யாருக்கும் தெரியாது.

முட்டம்காற்று

விலை கூடின டியூபும் நகல்தான் என்பது எனக்குப் புதிது. சோதனை இல்லை என்று நான் சொன்னதை நீங்கள் ஒப்புக்கொண்டீர்கள், அதையும் குறித்துக்கொள்கிறேன். இரண்டு பக்கமும் சோதனை இல்லையென்றால் என்னிடம் காசு இருக்கும்வரை நான் பழையதையே வாங்குவேன். காசு இல்லாதவரைக் குறை சொல்ல மாட்டேன்.

பழையாறு

இந்த அளவுக்கு இறங்கி வந்ததே பெரிது.

கோதையாற்றங்கரை

நன்றி எல்லோருக்கும். திருவனந்தபுரம் போய்வரச் செலவு தாங்காது என்பதால் மகளை ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியில் தோல் பிரிவுக்குக் கூட்டிப்போனேன். இரண்டு டியூபையும் பழைய சீட்டையும் கையில் எடுத்துப் போனது நல்லதாகப் போயிற்று. அந்த மருத்துவர் அம்மா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, முதலில் எழுதியதே சரி, அதையே தொடரலாம் என்றார். விலையைச் சொன்னேன். பிராண்டு எழுதாமல் இரண்டு மருந்தின் பெயரையும் சதவீதத்தையும் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார். கிளிண்டாமைசின் டியூபை நிறுத்தச் சொன்னார். பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும், நடுவில் கடையை நம்பி மாற்றாதீர்கள் என்றும் சொன்னார்.

தலைக்கு என்ன எண்ணெய் என்று கேட்டார். தேங்காய் எண்ணெய்தான், வேறென்ன என்றாள் மகள். தேய்க்கலாம், நெற்றியிலும் கன்னத்திலும் வழிய விடாதே, அது துளையை அடைக்கும் என்றார். வீட்டில் அம்மாவிடம் இதைச் சொல்லி இன்னும் சமாதானம் ஆகவில்லை.

புதிய டியூப் பழைய விலையில் பாதிக்கும் கீழே. கலவையை மகளே கடையில் நின்று படித்துப் பார்த்து வாங்கினாள். கடைக்காரருக்குப் பிடிக்கவில்லை, பின்னால் வரிசை நிற்கிறது என்றார். நிற்கட்டும் என்றாள். கொஞ்சம் எரிகிறது, ஒருநாள் விட்டு ஒருநாள் பூசுகிறாள்.

தேங்காப்பட்டணத்துக்காரி

எரிச்சல் தாங்கும்படி இருந்தால் பரவாயில்லை. முகம் வீங்கினாலோ, கண்ணிமை தடித்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், அது வேறு விஷயம். மருந்தால் வந்த பாதிப்பைப் பதிவு செய்ய 1800-180-3024 என்ற இலவச எண் இருக்கிறது. பொதுமக்களே சொல்லலாம், பேட்ச் எண் கேட்பார்கள்.

குளச்சல் விசைப்படகு

இழையைத் திசைதிருப்புவதாக நினைக்க வேண்டாம். என் தம்பிக்கும் இதே கலவையைத்தான் மருத்துவர் எழுதியிருக்கிறார். அவன் விசைப்படகில் தங்கல் போகிறவன். போனால் நாள்கணக்கில் கரைக்கு வர மாட்டான், நாள் முழுவதும் வெயில், முகத்தில் உப்புத் தண்ணீர். கடலில் பூசலாமா? நடுவில் விட்டால் மருந்து வீணாகிவிடுமா?

மாத்திரைப்பெட்டி

தம்பி, இந்த மருந்து தோலை வெயிலுக்குக் கூச வைக்கும். பூசினால் இரவில் மட்டும், விடியும்போது நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும். படகில் நல்ல தண்ணீர் குடிக்கவே அளவு என்பது எனக்குத் தெரியும். உப்பு படிந்து வெடித்த தோலில் இதைப் பூசினால் எரிந்து தள்ளும். கடலில் இருக்கும் நாளில் விட்டுவிட்டுக் கரைக்கு வந்ததும் தொடரலாமா என்று எழுதிய மருத்துவரிடமே கேட்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள். சில நாள் விட்டால் மொத்தமும் வீணாகாது, பலன் கொஞ்சம் தள்ளிப் போகும், அவ்வளவுதான். விட்ட நாளுக்குச் சேர்த்து அப்பக் கூடாது. பகலில் தொப்பியும் வெயில் கிரீமும் கட்டாயம்.

கொண்டுபோவதாக இருந்தால் டியூபை எஞ்சின் பக்கத்தில் வைக்க வேண்டாம். சூட்டில் பெராக்சைடு கெட்டுவிடும்.